அறுந்தாக வேண்டிய நூல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். "நேர்ல வந்து பேசுறேனே" என்றேன். "வேணாங்க்கா, நீங்க பேசுனா அதட்டுற மாதிரி இருக்கும். புள்ளைங்க பயந்து ஓடிருவாங்க" என்றார். சரி, எழுதுகிறேன். எழுத்திலும் அதட்டல் கேட்டால் நான் பொறுப்பில்லை.

ஓய்வு பெற்றபிறகும் வாரத்தில் ஒருநாளாவது நாம் தூண்டில் நூல் கட்டுகிற ஷெட்டுப் பக்கம் வந்துவிடுகிறேன். போனவாரம் வந்தபோது உங்களில் ஒரு பெண்ணிடம், "டிப்பெட்னா என்னம்மா?" என்று கேட்டேன். எழுந்து நின்று ஒப்பித்தாள். "லீடரோட கடைசித் துண்டு மேடம். சார்ட்ல போட்டிருக்க சைஸ்ல, சார்ட்ல போட்டிருக்க நீளத்துக்குக் கட்டணும்." தப்பே இல்லை. ஆனால் உன் மாமியார் எப்படி என்று கேட்டால், அஞ்சடி ரெண்டங்குலம் என்று சொன்ன மாதிரி இருந்தது. அளவு தெரிந்திருக்கிறது, ஆளைத் தெரியவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. நாங்களும் பல வருஷம் அப்படித்தான் இருந்தோம். நூல் வந்தது, கட்டினோம், பெட்டி போனது, சம்பளம் வந்தது. அது எங்கே போகிறது, யார் கையில் என்ன ஆகிறது என்று எவரும் கேட்டதில்லை.

தெரியாதவர்களுக்காக முதலில் இருந்தே சொல்கிறேன். மலைநாடுகளில் குளிர்ந்த ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தூண்டில் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. மண்புழு கிடையாது. சின்னக் கொக்கியில் இறகையும் பட்டு நூலையும் சுற்றி, பார்த்தால் பூச்சி மாதிரி செய்து வைத்திருப்பார்கள். அதற்கு எடையே இல்லை, தனியாக எறிந்தால் காலடியில் விழும். அதனால் எறிகிற கயிறு தடிமனாக, கனமாக இருக்கும். கம்பை வீசினால் கயிறு சாட்டை போலப் பறந்து போய், பூச்சியையும் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் அந்தத் தடிக்கயிறு மீன் பக்கத்திலேயே விழுந்தால் மீன் நிற்குமா? ஓடிவிடும். அதற்காகத்தான் கயிற்றுக்கும் பூச்சிக்கும் நடுவில் நாம் கட்டுகிற லீடர். ஒரு முனை ஊக்குக் கம்பி பருமன் இருக்கும். துண்டு துண்டாக முடிச்சுப் போட்டு மெலிந்துகொண்டே போய், கடைசித் துண்டு தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அந்தக் கடைசித் துண்டுதான் டிப்பெட். பூச்சியை அதில்தான் கட்டுவார்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த மீனை என்ன செய்வார்கள் தெரியுமா? கொக்கியைக் கழற்றிவிட்டு மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தானாம். இதை முதல்முதலாகக் கேட்ட அன்று ஷெட்டே சிரித்தது. "கொழம்பு வைக்கத் தெரியாத ஆளுகளா இருக்கும்" என்றாள் ஒருத்தி.

நான் சொல்லப்போகிற கதை நடந்தபோது நம் ஷெட் இப்படி இல்லை. கீரனூர் ரோட்டோரம் ஒரே ஒரு கூரைக் கொட்டகை. வாசலில் நின்றால் நார்த்தாமலைப் பாறைகள் தெரியும், பின்வாசலில் நின்றால் குளம். முதலாளி வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தைக் கொண்டுவந்து, நிழலில் உட்கார்ந்து செய்கிற தொழில் வேண்டும் என்று இதைத் தொடங்கினார். நல்ல மனுஷன்தான். கோபம் மட்டும் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். செய்கிற சரக்கு எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு. நடுவில் ஊட்டிக்காரர் ஒருவர் ஏஜென்ட். அவர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பெட்டிகள் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகும். என் வேலை செக்கிங். மேசை மேசையாகப் போய், கையில் அகப்பட்டதை எடுத்து, ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்துப் பார்ப்பேன்.

ஸ்டெல்லா அங்கே வேலை பார்த்த பெண். பிறந்தது மணமேல்குடிப் பக்கம் கடற்கரையில், வாக்கப்பட்டது ஆவூர்ப் பக்கம். வீட்டுக்காரர் துபாயில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து திரும்பி வந்தவர். கட்டிலை விட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். ரெண்டு பிள்ளைகள். அந்த வீட்டு அடுப்பு இவள் சம்பளத்தில்தான் எரிந்தது. அவள் வேலை எப்படி என்று கேட்டால், அவள் போட்ட முடிச்சு போல நான் பார்த்ததில்லை. நைலான் முடிச்சை இறுக்குமுன் தண்ணீரில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் உரசும் சூட்டில் நூல் பலம் போய்விடும். அதற்காக எல்லோர் முன்னாலும் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். பாதிப் பேர் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். இவள் ஒருநாளும் மறந்ததில்லை. முடிச்சு சின்னக் கடுகு மாதிரி உட்காரும்.

ஏஜென்ட் வருகிற நாள் காலை அது. பெட்டிகள் எல்லாம் கட்டி வாசலோரம் அடுக்கியாகிவிட்டது. மனசு கேட்காமல் ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு லீடரை எடுத்துத் தராசில் மாட்டி இழுத்தேன். முள் ஏறியது. டிப்பெட் அறுகவேண்டிய கோட்டைத் தாண்டியது. இன்னும் ஏறியது. கடைசியில் பட்டென்று அறுந்தது, ஆனால் டிப்பெட் அல்ல, அதற்கு மேலே இருக்கும் முடிச்சு. இன்னொன்றை எடுத்தேன், சரியாக இருந்தது. மூன்றாவதை எடுத்தேன், மறுபடி அதே கதை. கடைசித் துண்டை விரலில் உருட்டிப் பார்த்தேன். தடி நூல். 

யார் கட்டியது என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. பல வருஷம் செக்கிங்கில் இருந்தவளுக்கு ஒவ்வொருத்தி முடிச்சும் அவள் கையெழுத்து மாதிரி. கடுகு மாதிரி உட்கார்ந்திருந்தது.

தண்ணீர்ப் பானைப் பக்கம் ஸ்டெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டேன். எல்லோர் முன்னாலும் கேட்கவில்லை. இதை நீங்களும் நினைவில் வையுங்கள், கூட்டத்தில் கேட்டால் உங்களுக்குப் பதில் வராது, அழுகைதான் வரும்.

"ஸ்டெல்லா, கடைசித் துண்டு என்ன நூலுடி கட்டுன?"

அவள் மறைக்கவே இல்லை. "கோவிச்சுக்காதீங்கக்கா. அந்தக் கடசி நூலு ஒண்ணுக்கும் ஆவாதுக்கா. லேசா இழுத்தாலே போயிருது. அதக் கட்டி ஒருத்தன் கையில குடுக்க எனக்கு மனசு வரல. அதான் ரெண்டு சைஸு மேல எடுத்துக் கட்டுனேன். பாத்தா வித்தியாசமே தெரியாது."

"எத்தனை நாளா?"

"இந்த ஆர்டர் முழுக்கத்தான்."

"ஏன்டி, சார்ட்டுன்னு ஒண்ணு சுவத்துல ஒட்டியிருக்கே, அது என்ன சாமி படமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க கரையில நூலு அறுந்து மீனு போச்சுன்னா, கரையேறுனதும் நேரா தூண்டி கட்டுன வீட்டுக்குத்தான் வருவாங்கக்கா. அறுந்த நூல வாசல்ல தொங்கவிட்டுட்டுப் போயிருவாங்க. ஊரே பாக்கும். ஒருக்கா எங்க ஆத்தா கட்டுனது அறுந்து, அவ வெளிய தல காட்டவே இல்ல. அறுந்து போறத நானே கட்டி, பொட்டில போட்டு, நம்ம பேரச் சொல்லி அனுப்பணுமா?"

கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வடிந்துவிட்டது. சோம்பேறித்தனத்தில் செய்த தப்பாக இருந்தால் நாலு அறை அறைகிற மாதிரி பேசியிருப்பேன். இவள் மானத்துக்குப் பயந்து செய்திருக்கிறாள்.  டிப்பெட் ஏன் மெலிசாக இருக்க வேண்டும்? மீன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, பூச்சி தண்ணீரில் இயல்பாக மிதக்க, அதுவரை தெரியும். ஆனால் தராசில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் தாங்கினாலும் தப்பு என்று ஏன் எழுதியிருக்கிறார்கள்? ஷெட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

முதலாளியிடம் போனேன். "சரக்குல பாதி சரியில்ல. கடைசித் துண்டு தடியா இருக்கு. பொட்டியெல்லாம் கலந்து கெடக்கு. இன்னைக்கு அனுப்ப வேணாம்" என்றேன்.

"யாரு பண்ணது?"

"அத அப்புறம் பாப்போம். மொதல்ல சரக்க நிறுத்துங்க."

அவர் எழுந்து அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். பிறகு அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். "கூடத்தானக்கா குடுத்திருக்கோம்? கொறச்சலாவா குடுத்தோம்? காய் வாங்குனா கொசுறு போடுறதில்லையா, அந்த மாதிரின்னு வச்சுக்குங்க. மெலிசா கேட்டவனுக்குக் கெட்டியா குடுத்தா சந்தோசந்தான படுவான்? நீங்க வாயத் தொறக்காம இருங்க, அது போதும்."

சிரிக்காதீர்கள். கொசுறு போட்டு வளர்ந்த ஊர் நம் ஊர். அந்த நேரத்தில் எனக்கும் அவர் சொல்வது கொஞ்சம் நியாயமாகத்தான் பட்டது. வாசலில் கார் வந்து நின்றது.

ஊட்டிக்காரர் சாந்தமான மனிதர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குத் தூண்டில் கம்பு வைத்த நீளமான துணிப்பை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். "எப்பவும் தராசுலதான் பாக்குறோம். இன்னைக்குத் தண்ணியில பாப்போமே. பின்னாடி குளம் இருக்கே" என்றார். குளத்து மீனை ஏலம் எடுத்திருந்தவர் முதலாளிக்குச் சிநேகிதர், முதலாளியே அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டார். ஏஜென்ட் பெட்டிகளிடம் போய், தானே ஒன்றைப் பிரித்து, ஒரு லீடரை உருவினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கடுகு முடிச்சு.

முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஸ்டெல்லா நூலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைகளே, இந்த மாதிரி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும். பேசினால் ஒருத்தி வேலை போகும், பேசாவிட்டால் எல்லோர் வேலையும் போகலாம். அப்போது ரெண்டில் எது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு பேச வேண்டும் என்று யோசியுங்கள். நான் சரக்கைப் பற்றி மட்டும் பேசினேன்.

"சார், அதுல டிப்பெட் சார்ட் சைஸ் இல்ல. தடியா இருக்கு. இதுமாதிரி இன்னும் நெறைய கலந்திருக்கு."

"அதெல்லாம் ஸ்ட்ராங்கா இருக்கும் சார்" என்று முதலாளி குறுக்கே பாய்ந்தார்.

ஏஜென்ட் லீடரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்கவில்லை. கேட்காதவரிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்? "நல்ல முடிச்சு" என்றார். "சரி, இதையே போட்டுப் பாப்போம். எல்லாரையும் கூப்பிடுங்க."

கரையில் வரிசையாக நின்றோம். வருஷக்கணக்கில் கட்டிய சாமானை வேலை செய்யும்போது அன்றுதான் பார்க்கிறோம். அவர் கம்பை முன்னும் பின்னும் வீச, கயிறு தலைக்கு மேல் வளைந்து வளைந்து போய், பூச்சி தண்ணீரில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. "அடி ஆத்தி!" என்றாள் யாரோ. எனக்கும் பெருமையாக இருந்தது. நம் முடிச்சுகள்தானே அப்படிப் பறந்தன?

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொப்பளித்தது. நல்ல விரால். கம்பு வில்லாக வளைந்தது. குளத்தின் நடுவில் பழைய கருவேல மரம் ஒன்று மூழ்கிக் கிடந்தது, மீன் நேராக அதற்குள் பாய்ந்தது. கயிறு விறைத்து நின்றது.

"இப்ப டிப்பெட் அறுந்திருக்கணும்" என்றார் ஏஜென்ட், கம்பை மெதுவாகத் தணித்தபடி. "வாயில கொக்கியோட, விரல் நீளத்துக்கு நூலோட மீன் போயிருக்கும். சின்னக் கொக்கி, பெரும்பாலும் நாளாவட்டத்துல தானா கழண்டு விழுந்துரும். இது அறுகல."

சொல்லி முடிக்கவில்லை. லீடர் கருவேலங்கிளையில் உரசி, மேலே தடித்த பக்கத்தில் அறுந்தது. கயிறு வெறுமையாகத் திரும்பி வந்தது. கிட்டத்தட்ட லீடர் முழுவதும் தண்ணீரிலேயே நின்றுவிட்டது, ஒரு முனை கிளையில் சுற்றி, ஒரு முனை மீன் வாயில். கட்டிப்போட்ட கன்று மாதிரி மீன் அந்த இடத்திலேயே சுழன்றது. ஒருதடவை மேலே வரப் பார்த்தது, நூல் இழுத்துப் பிடித்தது. வாய் தண்ணீருக்கு வெளியே வரவில்லை.

விரால் மற்ற மீன் மாதிரி இல்லை என்று நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். அடிக்கடி மேலே வந்து காற்றுக் குடிக்க வேண்டும். தண்ணீருக்குள்ளேயே பிடித்து வைத்தால் செத்துப்போகும்.  ஏஜென்ட் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.

அதற்குள் ஸ்டெல்லா தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"ஏய், உள்ள கருவ முள்ளு கெடக்குடி!" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பளவு, நெஞ்சளவு என்று போய், கிளையைப் பிடித்து, நூலைக் கையால் தடவிக்கொண்டே போனாள். முகம் தண்ணீருக்குள் போனது.  எழுந்தபோது மீனை ஒரு கையால் அணைத்துத் தலையை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். வாயருகில் நூலைப் பல்லால் கடித்தாள். கடித்தாள், கடித்தாள், அறுகவில்லை. அவளே பார்த்துப் பார்த்துக் கட்டிய கெட்டி நூல்! அழுதுகொண்டே கடித்தாள். ஒருவழியாக அறுந்தது. விரால் வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போனது.

கரையேறியபோது காலில் ரத்தம். ஏஜென்டிடம் நேராகப் போய் நின்று, "நாந்தான் சார் கட்டுனேன். கெட்டியா இருந்தா நல்லதுன்னு நெனச்சுத்தான் கட்டுனேன். இதுக்கு இப்படி ஆவும்னு எனக்குத் தெரியாது சார்" என்றாள். நான் காலையிலிருந்து பொத்திப் பொத்தி வைத்ததை ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டாள். 

"கால்ல முள்ளு ஏறியிருக்கு. மொதல்ல அதப் பாருங்கம்மா" என்றார் அவர். முதலாளியிடம் திரும்பி, "சரக்கு போகாது. அடுத்த வாரம் வாறேன், திருத்தி வைங்க" என்று மட்டும் சொன்னார்.

கார் கிளம்பியதும் முதலாளி வெடித்தார். "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா. கணக்க முடிச்சு வாங்கிக்க."  ஸ்டெல்லா ஈரச் சேலையோடு, நொண்டி நொண்டி உள்ளே போய் டிபன் டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

நான் உடனே சண்டைக்குப் போகவில்லை. எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளிக்கிற ஆள் இல்லை. ஸ்டெல்லாவிடம், "வீட்டுக்குப் போகாத. முள்ள எடுத்துட்டு ஒன் எடத்துல உக்காரு" என்று சொல்லிவிட்டு, முதலாளி டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து அப்புறம் உள்ளே போனேன். நியாயம் பேசவில்லை. இரக்கமும் பேசவில்லை. அவளுடைய வீட்டுக்காரர், பிள்ளைகள், ஒன்றையும் எடுக்கவில்லை. அதெல்லாம் அவருக்கும் தெரியும், தெரிந்துதான் அப்படிச் சொன்னார். வேலையைப் பேசினேன்.

"இத்தனை பொட்டியையும் யாரு பிரிச்சு ஒதுக்குறது? நான் ஒருத்தி பாத்து ஒரு வாரத்துல முடியாது, அவ முடிச்ச அவளும் பாத்ததும் சொல்லுவா. நாளைக்கு அவ வரலைன்னா அடுத்த வாரம் சரக்கு இல்ல."

அவர் வாசலோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொண்ணு. நான் ஒருத்தி அங்கொண்ணு இங்கொண்ணா இழுத்துப் பாத்தா பத்தல. அறுத்துப் பாக்கன்னே தனியா ஒரு மேச போடணும். ஒவ்வொருத்தர் கட்டுனதுலயும் எடுத்து, அறுக வேண்டிய எடத்துல அறுகுதான்னு பாக்கணும். அதுல ஸ்டெல்லாவ உக்கார வைங்க."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "நல்லாத்தான் இருக்கீங்களாக்கா? நூலு அறுகுறதையே தாங்காதவ. அவளப் போயி அறுக்குற வேலைல போடச் சொல்றீங்க?"

"தாங்காதவளத்தான் போடணும். நமக்கு அது நூலு. அறுந்தா சரி, அறுகாட்டியும் சரின்னு தள்ளி விட்டுருவோம். அவளுக்கு ஒவ்வொண்ணும் வலிக்கும். வலிக்கிறவதான் உத்துப் பாப்பா. கொளத்துல எறங்குனது யாருன்னு பாத்தீங்கள்ல? முழுசா ஒரு ஷெட்டு ஆளுக நின்னோம்."

ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்தார். "இந்த ஆர்டர் போறவரைக்கும்" என்றார் கடைசியில். எனக்கு அது போதும். ஒரு வாசலைச் சாத்தாமல் வைத்துக்கொண்டால் மற்றதை நாளை பார்த்துக்கொள்ளலாம். பேசி ஜெயித்தது தெரிந்ததும் எழுந்து வந்துவிடுங்கள், நின்று இன்னொரு வார்த்தை பேசினால் காரியம் கெட்டுப்போகும்.

மறுநாள் கட்டுப் போட்ட காலோடு ஸ்டெல்லா அந்த மேசையில் உட்கார்ந்தாள். பெட்டிகளைப் பிரித்துத் தன்னுடையதை ஒதுக்கி முடித்ததும், தராசை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன். முதல் லீடரை மாட்டி இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். பட். உடம்பு தூக்கிப்போட்டது. "கண்ணத் தொறந்து பாரு. எந்த எடத்துல அறுந்துச்சுன்னு பாக்காம என்னத்தச் சொல்லுவ?" என்று அதட்டினேன். அடுத்ததைக் கண்ணைத் திறந்துகொண்டு அறுத்தாள். அதற்கடுத்ததையும். மத்தியானச் சோறு அன்றைக்கு அவளுக்கு இறங்கவில்லை.

நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அவள் பொய்யாகச் சரி சொல்லி விட்டுவிட்டால் என் வார்த்தையும் போச்சு, அவள் வேலையும் போச்சு. வேறு வேலை பார்ப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏஜென்ட் வரப்போகும் முந்தினநாள், சித்ரா கட்டிய லீடர் ஒன்றை மாட்டி இழுத்தாள். சித்ரா அவளுக்கு உயிர்ச் சிநேகிதி, ஒரே பஸ்ஸில் வந்து போகிறவர்கள். முள் கோட்டைத் தாண்டிப் போனது. டிப்பெட் அறுகவில்லை. ஸ்டெல்லா இழுப்பதை நிறுத்திவிட்டு நூலை விரலில் உருட்டிப் பார்த்தாள். சித்ரா பக்கத்துச் சுருளிலிருந்து மாற்றி எடுத்துக் கட்டியிருக்கிறாள். அந்த ஒன்றைப் பேசாமல் பெட்டிக்குள் தள்ளியிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. நானே தூரத்தில்தான் இருந்தேன்.

அவள் எழுந்து, சித்ரா கட்டிய மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தாள்.

சித்ராவுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "என்னடி ஆபீசர் ஆயிட்டியா? நல்லா கெட்டியாத்தான கட்டியிருக்கேன்? நீயே இழுத்துப் பாத்த, அறுந்துச்சா?"

"கெட்டியாத்தான் இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. "மீனு எப்படிடி போவும்?"

 முதலாளி தன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். அந்த ஆர்டர் போனது, அடுத்ததும் போனது, அவளை எழுந்திருக்கச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த மேசை இன்றும் அவளிடம்தான் இருக்கிறது. ஜன்னலோரம் கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரிடமும் பேசாமல் நூல் அறுத்துக்கொண்டிருப்பாளே, அவள்தான். நீங்கள் கட்டுகிற முதல் லீடர் அவள் கைக்குத்தான் போகும். மெலிந்துபோய்ச் சீக்கிரம் அறுந்தால் திருப்பி அனுப்புவாள், அதற்குச் சத்தம் போடமாட்டாள். அறுகாமல் நின்றால் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் இடத்துக்கே நடந்து வருவாள். லேசாக நொண்டுவாள், முள் ஏறிய கால். வந்து, சித்ராவிடம் கேட்ட அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். அவளிடம் சார்ட்டைக் காட்டாதீர்கள், மீனை நினைத்துப் பதில் சொல்லுங்கள்.